கித்தானுக்கு அந்தப் பக்கம்

"ஊசியை மெதுவா இழு சுராயா, கித்தான் ஈரமா கீது" என்றாள் அம்மா ஃபக்ருன்னிசா, துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. சுராயா இழுத்தாள். நூல் தீர்ந்துபோயிருந்தது. மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று எழுந்து, அம்மா அரிசி களையப் போனாள்.

அம்மாவும் மகளும் சேர்ந்து போட்ட கடைசித் தையல் அதுதான். விடியலில் அம்மாவுக்கு மார்வலி வந்தது. பகல் தொழுகைக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

கனத்த கித்தானை ஒற்றை ஆளால் தைக்க முடியாது. வெளியே ஒருவர் குத்த வேண்டும். உள்ளே ஒருவர் அந்த ஊசியை வாங்கி, திருப்பிக் குத்தி அனுப்ப வேண்டும். சுராயாவின் அத்தா அமானுல்லாவுக்குக் கண்ணில் புரை. ஊசியை அவர் கையில் கொடுத்தால் துணியை விட்டுவிட்டு விரலைத் தைப்பார். அதனால் செங்கல்பட்டுப் பள்ளிவாசல் தெருவில் இருந்த அவர்களுடைய கூடாரக் கடையில், அதன் பிறகு புதுத் தையல் எதுவும் நடக்கவில்லை. பழைய சாமியானாக்கள் மட்டும் கல்யாணங்களுக்குப் போய் வந்துகொண்டிருந்தன.

அடுத்த வருட ஐப்பசி பிறந்தது. வெயிலும் மழையும் மாறி மாறி வந்த ஒரு காலையில், சுராயா முற்றத்துக் கொடியில் சாமியானாவை விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தெருச் சரிவில் ஒரு ஹாரன் தொண்டை கட்டிய குரலில் கத்திக்கொண்டே வந்தது... நெருங்கியது... நிற்கவில்லை. படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த ஜீப், சாமியானாவை அப்படியே போர்த்திக்கொண்டு, வைக்கோல் குவியலில் முட்டி ஓய்ந்தது.

துணிக்குள் ஏதோ நெளிந்தது.

"யாருய்யா அது... கண்ணு தெரியல?"

"தெரியலீங்க. துணி மூடிகினு கீது."

சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். "பிரேக் இல்லாத வண்டியை இன்னாத்துக்கு ஓட்டிகினு வர்றீங்க?"

"பிரேக் கீதுங்க. சில நேரம் புடிக்கும். சில நேரம் யோசிக்கும்."

சாமியானா சரிந்தது. முதலில் கலைந்த தலைமுடி, பிறகு வைக்கோல் தூசு படிந்த இமைகள், அப்புறம் அந்தக் கண்கள்... மழை நின்ற பிறகு முற்றத்தில் தேங்கிய தண்ணீர் போல, தெளிந்தும் தெளியாமலும். அந்தக் கண்கள் அவளைப் பார்த்தன. பார்த்துக்கொண்டே இருந்தன. தலையில் முக்காடு இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அவன் பெயர் ஷஃபியுல்லா. ஊர் மாமல்லபுரம். உலகச் சண்டை முடிந்து ராணுவம் ஏலம் விட்ட ஜீப் ஒன்றை எடுத்து, ரயிலில் வந்து இறங்குகிறவர்களைக் கல்கோயில்களுக்கு ஏற்றிப்போய்ப் பிழைக்கிறவன். கடற்காற்றின் உப்பு, ஜீப்பின் மேல்கூரையைத் தின்று கந்தலாக்கியிருந்தது.

"டாப்பு தைக்கணும் பாய். உங்க கடையைத் தேடித்தான் வந்தேன்" என்றான்.

"கடைக்குள்ளயே வந்துட்டியே தம்பி" என்றார் அமானுல்லா.

வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம். ஒரு பெரிய வீட்டுப் பெண்களை ஏற்றிவர வாக்குக் கொடுத்திருக்கிறானாம். கோஷாப் பெண்கள்; திறந்த வண்டியில் ஏறமாட்டார்கள். நாலு பக்கமும் திரை வேண்டும். அமானுல்லா ஜீப்பைத் தடவிப் பார்த்தார். கூரையைத் தாங்கும் இரும்பு வளைவுகள் மூன்றும் மூன்று விதமாகக் கோணியிருந்தன. ஆலம்பரைக் கோட்டை மணலில் ஒருமுறை வண்டி குடைசாய்ந்ததாம்.

"இதுக்கு அளவெடுத்துத் தைக்க முடியாது. வண்டி மேலயே போட்டுத் தைக்கணும். அதுக்கு ரெண்டு ஆள் வேணும். என்கிட்ட இல்ல தம்பி."

"வெளியே நின்னு குத்த அவரே கீறாரே அத்தா."

கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல். தன் குரல்தான் என்று தெரிந்தபோது சுராயாவுக்கே தூக்கிவாரிப்போட்டது.

அமானுல்லா யோசித்தார். பெண் உள்ளே, பையன் வெளியே, நடுவில் கித்தான். கித்தானைவிடக் கெட்டியான திரை ஏது... "நான் பக்கத்துலயே குந்திகினு பார்த்துகினு இருப்பேன்" என்றார், கண் தெரியாது என்பதை மறந்து.

"அப்ப இன்னிக்கே ஆரம்பிக்கலாமா?"

"கித்தானை ஊறவெச்சுக் காயவைக்காம கத்திரி வைக்கமாட்டேன்" என்றது கதவு. "அப்படியே தைச்சா முதல் மழையில சுருங்கி, பாதித் தலைக்குத்தான் டாப்பு இருக்கும். மீதித் தலையை எங்க வெச்சுப்பீங்க?"

கித்தான் ஊறிக் காயும்வரை, அவன் ஜீப்பின் அடியில் படுத்துப் பிரேக்கைப் பிரித்துப்போட்டான். உப்பரித்த குழாயை மாற்றினான். கட்டையாகிப்போன ரப்பரை எடுத்துவிட்டுப் புதிது வைத்தான். பிறகு எழுந்துவந்து, வீட்டில் விளக்கெண்ணெய் இருக்கிறதா என்று கேட்டான்.

"இன்னாத்துக்கு?"

"வண்டிக்குத்தான். பிரேக்குக்குன்னு விக்கிற எண்ணெய் இங்க கிடைக்கல. வேற எண்ணெய் ஊத்தினா ரப்பரைத் தின்னுடும்."

ஜன்னல் வழியே ஒரு கை புட்டியை நீட்டியது. "பார்த்து ஊத்துங்க. வண்டிக்கு வயித்தால போச்சுன்னா நாங்க பொறுப்பில்ல."

அமானுல்லாவே சிரித்துவிட்டார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கித்தான் காய்ந்தது. வளைவுகள் மேல் அதை இழுத்துக் கட்டினார்கள். சுராயா உள்ளே ஏறி உட்கார்ந்தாள். நூலில் தேய்த்த மெழுகின் வாசனை, பெட்ரோல் வாசனை, கித்தானில் வடிகட்டி இறங்கிய பச்சை வெளிச்சம்... அதன் நடுவே, துணியைத் துளைத்துக்கொண்டு ஊசிமுனை எட்டிப்பார்த்தது.

அவள் அதைத் தொடவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஊசி வருவதை மறுபடி பார்ப்போம் என்று அவள் நினைத்ததே இல்லை. கண் கலங்கி, முனை இரண்டாகத் தெரிந்தது.

"வந்துச்சா?" என்றான் வெளியிலிருந்து.

"வந்துச்சு" என்று சொல்லி, இழுத்து, திருப்பிக் குத்தினாள்.

மாலைக்குள் இருவர் கைகளும் பழகிவிட்டன. அவன் குத்தும் இடம் அவளுக்கு முன்னதாகவே தெரிந்தது. பேச்சும் ஊசியோடு போய்ப் போய் வந்தது. அவள் பதில் சொல்ல வெட்கப்பட்டால், ஊசி உள்ளேயே தங்கிவிடும்.

"ஊசி வரலீங்களே..."

"வரும். இன்னா அவசரம்?"

அமானுல்லா நாற்காலியில் தூங்கிப்போயிருந்தார்.

மறுநாள்தான் அவள் கேட்டாள். "யாரு அந்தப் பெரிய வூட்டுப் பொம்பளைங்க?"

"கடப்பாக்கம் அப்துல் சுபஹான் ஹாஜியார் வூட்டு ஆளுங்க. அவரு பையனுக்கு இந்த ஊர்ல பொண்ணு பார்க்கணுமாம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும்."

ஊசி நின்றது.

அன்று காலையில்தான் அத்தா சொல்லியிருந்தார், வெள்ளிக்கிழமை கடப்பாக்கத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று. தன்னைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தானே திரை தைத்துக்கொண்டிருக்கிறோமா... இந்த டாப்பு முடிந்தால் அவர்கள் வருவார்கள். முடியாவிட்டால்...

"தையல் கோணலா கீது" என்றாள். "பிரிங்க."

பிரித்தான். மறுபடி தைத்தார்கள். "இதுவும் கோணல்." மறுபடி பிரித்தான்.

"எனக்கு நேராத்தான் தெரியுது..."

"உங்க பிரேக் உங்களுக்கு நல்லாத்தான் தெரிஞ்சுச்சு."

வியாழக்கிழமை வந்துவிட்டது. கடைசி ஒரு முழம் பாக்கி. வெளியே அவன் கவலையோடு சொன்னான். "நாளைக்கு அவங்க வேற வண்டி பார்த்துக்கப் போறாங்க. அந்தப் பொண்ணு வேற காத்துகினு இருக்கும்."

"அந்தப் பொண்ணு காத்துகினு இல்ல" என்றாள் சுராயா. "அந்தப் பொண்ணு ஜீப்புக்கு டாப்பு தைச்சுகினு கீது."

வெளியே போன ஊசி திரும்பி வரவில்லை. ஏரிப் பக்கமிருந்து காற்று வந்து கித்தானை உப்ப வைத்தது.

"நான்... வாக்குக் குடுத்துட்டேன்" என்றான் கடைசியில். "வண்டி பழசு. எனக்குன்னு இருக்கிறது அந்த வாக்கு ஒண்ணுதான்."

"அப்ப குத்துங்க."

மிச்சத்தைப் பேசாமல் தைத்தார்கள். அந்த ஒரு முழத்தையும் அவள் ஒழுங்காகவே தைத்தாள். கோபத்துக்காகத் தையலைக் கெடுக்க அவளுக்குத் தெரியாது. மறுபடி பிரிக்கச் சொல்லவும் இல்லை.

வெள்ளிக்கிழமை வானம் கிழிந்ததுபோல மழை. புதுப் பாவாடை தாவணியில் ஜன்னலோரம் நின்றாள் சுராயா. திரைகள் எல்லாம் பொத்தானிட்ட ஜீப் வாசலில் வந்து நின்றது. இம்முறை சரியாக நின்றது. ஒரே ஒரு அம்மாள் இறங்கினாள்.

"மத்தவங்க எங்க தம்பி?" என்று கேட்டார் அமானுல்லா.

"இவங்க எங்கம்மா, சைனம்பு. ஹாஜியார் வூட்டு ஆளுங்க வரல பாய். நேத்து சாயங்காலமே போய், இந்த வாடகை என்னால முடியாதுன்னு சொல்லிட்டேன். ஏன்னு கேட்டாரு. பொய் வாயில வரல. அந்தப் பொண்ணை நானே கேக்கணும்னு கீறேன், உங்க ஆளுங்களை எப்படிக் கொண்டாந்து இறக்கறதுன்னேன்."

"அடிக்கலியா உன்னை?"

"கொஞ்ச நேரம் வெத்தலை மென்னாரு. முன்னாடியே சொன்னியே, போய்க் கேளு. அவங்க அத்தா வேணான்னுட்டா நாங்க பஸ்ஸுல போய்ப் பார்த்துக்கறோம்னாரு."

அமானுல்லா கணக்குப் பார்த்தார். கடப்பாக்கத்தில் நிலமும் தோப்பும் இருந்தன. இங்கே ஒரு பழைய ஜீப்பும், மழையில் நனைந்துகொண்டு நிற்கும் ஒரு பையனும்.

"ஹாஜியார்கிட்ட நானும் வாக்குக் குடுத்தவன்தான்" என்றார். "ஆனா நானா கட்டிக்கப் போறேன்... கேக்க வேண்டியது அவளைத்தான். சுராயா, அந்த டாப்பு ஒழுகுதான்னு பார்த்துட்டு வாம்மா." சைனம்புவைப் பார்த்து, "நீங்க உள்ள வாங்க" என்றார்.

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிப்போய் ஜீப்பின் முன் சீட்டில் ஏறினாள். கூரையில் மழை கொட்டு மேளம் அடித்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. திரைக்கு வெளியே அவன் நிழல்.

"ஒழுகுதா?"

"இல்ல."

"நான்தான் நனைஞ்சுகினு கீறேன்."

"தெரியுது."

"நேத்து இங்கேருந்து கிளம்பி, மதுராந்தகத்துக்கு முன்னாடி வண்டியை நிறுத்திட்டேன். நல்ல மழை. மேல டாப்பு இருந்துச்சு... உள்ள நீ இல்ல." அவன் நிழல் திரைக்குக் கிட்டே வந்தது. "நீ இல்லாம எனக்கு இந்த டாப்பு எதுக்கு சுராயா... நான் காலம் பூரா நனைஞ்சே போய்க்கறேன்."

அவள் கை தையலின் மேல் ஊர்ந்தது.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லு."

"பிரிக்கச் சொன்னேனே... அதுல ஒரு தையல்கூடக் கோணல் இல்ல."

வெளியே அவன் சிரிக்க ஆரம்பித்தான்.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

அவளே திரையின் பொத்தானைக் கழற்றினாள். இமையெல்லாம் மழைத்துளியாக அந்தக் கண்கள், ஒரு சாண் தூரத்தில்... அதற்கு மேல் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த கண்ணுக்கு எதிரே, வண்டியின் வேகம் காட்டும் முள் தெரிந்தது. ராணுவம் ஏலம் விட்ட நாளிலேயே அது முப்பத்தைந்து மைலில் சிக்கிப்போயிருந்தது. நின்ற வண்டியில், மழைக்கு நடுவே, அது முப்பத்தைந்தையே காட்டிக்கொண்டிருந்தது.