ஆர் ஆரத் தூக்குற?

"மாப்பிள வீட்டு வாசல் படியில புதுப் பொம்பிளையிட கால் இடறினா அபசகுனம். அதனாலதான் ரோமாபுரியில அவள அப்பிடியே தூக்கி..."

றொசானி சொல்லி முடிக்கவில்லை. வாசலில் தடாலென்று ஒரு சத்தம்.

மழைக்கு ஒதுங்க ஓடிவந்த ஒருவன் வகுப்பறைப் படியில் கால் இடறி, குடையும் தானுமாக உள்ளே வந்து விழுந்தான்! உயர்தர வகுப்புப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். மட்டக்களப்பு டவுனில், புளியந்தீவின் அந்த ரியூட்டரியில் இப்படியொரு சிரிப்புக் கேட்டு எவ்வளவு காலம்... சண்டை முடிந்து வந்த முதல் மாரி அது.

றொசானிக்கும் சிரிப்பு முட்டியது. கிரேக்க உரோம நாகரிகம் படிப்பிக்கிற டீச்சர் சிரிக்கலாமா? அடக்கிக்கொண்டாள்.

"ரோமாபுரியில எண்டா இந்தக் கலியாணம் நிண்டிரிக்கும்."

அவன் எழும்பி முழங்காலைத் தட்டிக்கொண்டான். மழைநீர் வழியும் முகத்தில் இரண்டு குறும்புக் கண்கள்... ஒரு சொட்டுக் கூச்சமாவது இருக்க வேண்டுமே!

"நான் மட்டக்களப்பான் டீச்சர். இஞ்ச மாப்பிளதானே பொம்பிளையிட வீட்ட போற? அப்ப... ஆர் ஆரத் தூக்குற?"

வகுப்பே அதிர்ந்தது. றொசானி சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கன்னம் சூடேறியிருந்தது.

அவன் பெயர் றொனால்ட். கரையோரத்தில் வீடு கட்டும் வேலைகளை மேற்பார்ப்பவன். அடுத்த சனிக்கிழமை நல்ல வெயில். ஆனாலும் ஒதுங்க வந்துவிட்டான்!

"மழையில்லையே... என்னத்துக்கு வந்தீங்க?"

"வரும் டீச்சர். எனக்கு நம்பிக்கை இரிக்கி."

கடைசி வாங்கில் நல்ல பிள்ளையாக இருந்து பாடம் கேட்டான். ரோமாபுரி மணமகள் சொல்லும் வாசகத்தை அவள் கரும்பலகையில் எழுதினாள். 'நீ எங்கே காயுஸோ, அங்கே நான் காயா.' காயுஸ் ஆண், காயா பெண். எழுதி முடித்துத் திரும்பினால், அந்தக் கண்கள் கரும்பலகையில் இல்லை. அவளில் இருந்தன.

பிறகு சனிக்கிழமைகள் சிறகு கட்டிப் பறந்தன. வகுப்பு முடிந்தால் வாவிக்கரை வழியாக பஸ் எடுக்கும் இடம்வரை கூடவே வருவான். அப்படியொரு மாலையில்தான் சொன்னான்.

"எங்கட வீட்டில இடம் தாராளம். கலியாணம் முடிச்சு நீங்க அங்க வந்திரலாம். ரோமாபுரிப் பொம்பிள மாதிரி... படியில நானே தூக்கிறன்!"

விளையாட்டாகத்தான் சொன்னான். றொசானியின் கால்கள் நின்றுவிட்டன.

செட்டிபாளையத்தில் அவளுக்கும் ஒரு வீடு இருந்தது. தாய் மார்கிறட்டுக்கு அவளுடைய தாய் சீதனமாகக் கொடுத்தது. மகள் றொசானிக்கென்று வைத்திருந்தது. சுனாமி அப்பாவையும் கொண்டுபோய், வீட்டையும் கொண்டுபோய், வெறும் வளவில் வாசற்படியை மட்டும் விட்டுவைத்தது. இப்போது தாயும் மகளும் டவுனுக்கு வெளியே ஒரு வாடகை அறையில்.

"வீடில்லாதவள், போக்கிடம் தேடி மாப்பிள வீட்ட போயிட்டாள் எண்டு ஊர் சொல்லும். செட்டிபாளையத்தில என்ட வளவில வீடு எழும்பட்டும். மறுகா கலியாணத்தப் பாப்பம்."

"அது எப்ப எழும்பும்?"

"எழும்பக்குள்ள எழும்பும்!"

விறுக்கென்று பஸ்ஸில் ஏறிவிட்டாள். அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. மழை மட்டும் வந்தது. பாழாய்ப்போன மழை... ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் பெயர்களெல்லாம் அவளுக்குத் தடுமாறின. 'போகட்டும். எனக்கென்ன?' என்று மனதை அதட்டினாள். மனம் கேட்டால்தானே!

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது மார்கிறட் சொன்னாள்: "நம்மட வளவில ஆரோ பொடியன் நிண்டு பத்தை வெட்டுறானாம் கா. போய்ப் பாத்துட்டு வா, புள்ள."

போனாள். பற்றை நீங்கி வளவு வெளித்துக் கிடந்தது. கடற்காற்றில் தலை கலைய, தோளில் ஒரு உடுப்புப் பையோடு, படிக்கு வெளியே நின்றான் றொனால்ட். படியில் கால்கூட வைக்கவில்லை.

"ஏன் வெளிய நிக்கிறீங்க?" குரலைக் கடுமையாக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"வீட்டுக்காரி கூப்பிடோணுமே."

"வீடெங்க இரிக்கி?"

"படி இரிக்கே! மிச்சத்த ரெண்டு பேரும் சேந்து கட்டுவம். வளவும் உங்கட, வீடும் உங்கட. நான் மாப்பிள, உடுப்புப் பையோட வாற ஆள். மட்டக்களப்பான் எண்டு பெருமையாச் சொல்லிப்போட்டு, உங்கள என்ட வீட்ட வரச்சொன்னது பிழை." குறும்பு போய், கண்கள் கலங்கியிருந்தன. "நீ எங்க காயாவோ, அங்க நான் காயுஸ்."

"அது பொம்பிள சொல்ற வசனம்!"

"வீடு மாறி வாற ஆள்தானே சொல்லோணும், டீச்சர்?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தூறல் விழத் தொடங்கியது. பாசி பிடித்த அந்தப் படியில் அவள் ஏறி நின்று கையை நீட்டினாள்.

"இப்பவாவது சொல்லுங்க, டீச்சர்... ஆர் ஆரத் தூக்குற?"

"ஆரும் ஆரையும் தூக்க வேணாம். என்ட கையப் புடிச்சு, இடறாம வாங்க." அவன் கையைப் பற்றிக்கொண்டாள். "எனக்கும் உங்களிலதான் விருப்பம், றொனால்ட். அண்டைக்கு நீங்க வந்து விழக்குள்ளயே..."

அவன் இடறாமல் படியேறினான். கூரையில்லாத வீட்டுக்குள் இருவரும் நன்றாக நனைந்தார்கள்.