ஓரம் வெட்டுப்பட்ட வீடியோ

ரிவியில் சந்தியோகுவுக்கு ஒரு கண்தான் இருந்தது.

ஸ்ரெல்லா லப்டொப்பைத் திரும்பிப் பார்த்தாள். அதில் அவருக்கு இரண்டு கண்களும் அழுது சிவந்தபடி ஒழுங்காகவே இருந்தன. தம்பி சிமியோனின் சவப்பெட்டிக்குத் தலைமாட்டில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். வீடியோ ஒன்றுதான், இடையில் ஓடுவது ஒரேயொரு வயர்தான். ஆனால் சுவரோடு இறுக்கிப் பூட்டியிருந்த அந்தப் பெரிய ரிவிக்குப் போய்ச் சேர்ந்ததும் படத்தின் நாலு ஓரமும் வெட்டுப்பட்டுப் போயின. கீழே வந்த சிமியோனின் பெயரில் எழுத்துகளின் கீழ்ப்பாதியைக் காணவில்லை.

நாளைக்கு அவளுடைய புருசன் சிமியோனின் ஆண்டுத் திருப்பலி. பூசை முடிந்து சொந்தமெல்லாம் வீட்டுக்கு வரும், சாப்பிட்டுவிட்டு இந்த ஹோலில் இருந்து வீடியோவைப் பார்க்கும். தன் முகம் பாதியாய் வருவதைக் கண்டால் சந்தியோகு அடுத்த ஆண்டுவரை முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிவார். குருநகர் முழுக்கச் சொல்லியும் திரிவார்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. யன்னல் வழியே கருவாட்டு மணமும் ஈர வலையின் பாசி மணமும் உள்ளே வந்தன. அவள் பிரான்ஸிலிருக்கும் மகன் டினேஸுக்குப் போன் எடுத்து, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள். விசா கிடைக்காததால் தகப்பனின் செத்தவீட்டையே இந்த வீடியோவில்தான் பார்த்தவன் அவன்.

"லப்டொப்பிலை முழுசாத் தெரியுதோ அம்மா?"

"ஓம் மோனை. அதிலை ஒரு பிழையும் இல்லை."

"அப்ப ரிவிதான் ஓரத்தை வெட்டுது. சில ரிவியள் அப்பிடித்தான், படத்தை இழுத்துப் பெருசாக்கிப்போட்டு மிச்சத்தைக் காட்டாது. றிமோட்டிலை பிக்சர் சைஸ் எண்டு இருக்கும், பாருங்கோ."

"எல்லாத்தையும் அமத்திப் பாத்திட்டன். சரிவரேல்லை."

"சரி, லப்டொப்பாலை சுருக்குவம்."

அவன் சொல்லச் சொல்ல அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். கடைசியில் லப்டொப்பின் மூலையில் ஒரு கோடு வந்தது, கோட்டின் மேல் ஒரு சின்னப் பொட்டு.

"அதை மெல்ல இடப்பக்கம் இழுங்கோ. ரிவியிலை ஓரம் தெரிஞ்ச உடனை விடுங்கோ. கூட இழுத்தா சுத்திவரக் கறுப்பா வரும்."

இழுத்தாள். சந்தியோகுவுக்கு மற்றக் கண் வந்தது. சிமியோனின் பெயர் முழுதாக வந்தது. வலது பக்கத்தில் இதே ஹோலின் வாசல் நிலை வந்தது. லப்டொப்பில் படம் அந்த நிலையோடு முடிகிறது. அவள் இன்னும் ஒரு நூல் இழுத்தாள்.

கறுப்பு வரவில்லை. நிலையின் மறுபக்கம் வந்தது.

நிலையைப் பிடித்தபடி நாலு விரல்கள் இருந்தன.

செத்தவீட்டுக்கு வந்த யாரோ என்றுதான் முதலில் நினைத்தாள். லப்டொப்பைப் பார்த்தாள், அங்கே நிலை மட்டும்தான். திரும்ப ரிவியைப் பார்த்தாள். விரல்கள் வெளுத்து ஊறிப்போய் இருந்தன. இடது கை. சுண்டுவிரல் முதல் மூட்டோடு நின்றது.

சிமியோனின் சுண்டுவிரலை இளந்தாரி வயதில் வலைக்கயிறு அறுத்துக்கொண்டு போனது. கலியாணத்தன்று மோதிரம் போட அந்தக் கையைப் பிடித்தபோது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு இருட்டில் தொட்டறியும் கையாக அதுதான் ஆனது.

கடலில் சிமியோனின் வள்ளம் கவிழ்ந்து பல கிழமைகளுக்குப் பிறகு தொண்டைமானாற்றுப் பக்கம் ஒரு உடல் ஒதுங்கியது. முகத்தை மீன் தின்றிருந்தது. நீலக்கோட்டுச் சாரம், இந்தத் தெருவில் எல்லா ஆம்பிளைகளும் உடுக்கிற சாரம்தான். கைகளைத் துணியால் சுற்றியிருந்தார்கள். இடது கையை மட்டும் அவிழ்த்துக் காட்டுங்கோ என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவிழ்த்தால், முழு விரலாக இருந்துவிட்டால்?

"ஓம், இவர்தான்" என்றாள். பெட்டி கிடைத்தது, பூசை கிடைத்தது, சேமக்காலையில் ஒரு சிலுவை கிடைத்தது. ஒரு வருசமாக அந்தச் சிலுவைக்குத்தான் மெழுகுதிரி கொளுத்துகிறாள்.

கடலுக்குப் போனவன் திரும்பும்வரை இந்தத் தெருவில் வாசலுக்குக் கொண்டி போடுவதில்லை. நனைந்து வருகிறவன் தன் வீட்டுக் கதவையே தட்டி நிற்கக் கூடாது. அந்தக் கிழமைகள் முழுக்க அவளும் போடவில்லை, ஒவ்வொரு காலடிக்கும் எழுந்து எழுந்து இருந்தாள். சேமக்காலையால் வந்ததும் முதல் வேலையாகக் கொண்டியைப் போட்டாள். அன்றைக்குத்தான் நித்திரை கொண்டாள். அதிலிருந்து பகலிலும் போடுகிறாள்.

"அம்மா? சரிவந்திட்டுதோ?"

அவள் வீடியோவை நிறுத்தினாள். சந்தியோகு உறைந்தார். அழுதுகொண்டிருந்த பெண்கள் வாய் திறந்தபடி உறைந்தார்கள். நிலையைப் பிடித்த விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

பொட்டைப் பழைய இடத்துக்கே தள்ளினாள். படம் பெருத்தது. சந்தியோகுவின் கண் போனது, பெயரின் பாதி போனது. விரல்கள் போகவில்லை. புதிய ஓரத்துக்கு வந்து, அங்கே பிடித்துக்கொண்டன.

இன்னும் தள்ளினாள். இன்னும் உள்ளே வந்தன.

மறுபக்கம் இழுத்தாள். மணிக்கட்டு. முழங்கை. அதில் ஒட்டிய பாசி. நீலக்கோட்டுச் சாரம். வாசலுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே பெட்டியைச் சுற்றி எல்லாரும் அழுகிறார்கள், ஒருவரும் வாசலைப் பார்க்கவில்லை. அவர் உள்ளே வரவில்லை. பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு வருசமாக.

பயத்தை மீறி அவளுக்கு நெஞ்சு வெடித்தது. என்ரை ஐயோ, உங்களை வெளியிலை விட்டுப்போட்டு ஆரையோ கொண்டுபோய்த் தாட்டுப்போட்டன்.

எழுந்து வாசலுக்குப் போனாள். கொண்டி சில்லென்று இருந்தது. கழற்றினாள். கதவைத் திறந்தாள்.

"வாங்கோ" என்றாள்.

மழை. வெறும் தெரு. தூரத்தில் கோயில் மணி. எவரும் இல்லை.

கொஞ்ச நேரம் நின்றாள். கதவைச் சாத்தினாள், கொண்டி போடவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது படம் ஓடிக்கொண்டிருந்தது. ஓரங்கள் நாலும் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன. சந்தியோகுவுக்கு இரண்டு கண்களும் இருந்தன. வாசல் நிலையில் ஒருவரும் இல்லை. ஸ்ரெல்லா கதிரையில் விழுந்தாள். மூச்சு வந்தது.

"அம்மா, என்ன கதைக்கிறியள் இல்லை? வீடியோக் கோலைப் போட்டு ரிவியைக் காட்டுங்கோ, பாப்பம்."

அவள் போனைத் தூக்கி ரிவியின் பக்கம் பிடித்தாள்.

"ஆ, இப்ப சரி. நல்லா வந்திட்டுது. பெரியப்பாவும் முழுசாத் தெரியிறார்."

"ஓம் மோனை."



"அம்மா. ரிவியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது ஆர்?"

அவள் போனைப் பார்க்கவில்லை. ரிவியைப் பார்த்தாள். படத்தை அல்ல, அதைச் சுற்றியிருந்த கறுப்புச் சட்டத்தை.

ரிவிக்கும் சுவருக்கும் இடையில் ஒரு ஓலைத்துண்டுகூட நுழையாது. அந்த இடுக்கிலிருந்து வெளுத்த நாலு விரல்கள் வந்து சட்டத்தின் வலது ஓரத்தைப் பிடித்திருந்தன. மூன்று முழு விரல்கள். ஒன்று பாதி. அதன் நுனியிலிருந்து உப்புத்தண்ணீர் சுவர் வழியே இறங்கி, நிலத்தில் அவள் காலடிக்கு வந்துகொண்டிருந்தது.