தோற்ற வீட்டு ஆள்

கண்டரமாணிக்கத்துக்கு வெளியே, ஒரு காலத்தில் இரண்டு சீமைகளுக்கு எல்லையாக நின்ற கல்லைத் தள்ளி நட, மலையாண்டி உச்சிப்பொழுதைத் தேர்ந்தெடுத்தான். 1968, சித்திரை வெயில். ஆடு மேய்ப்பவன்கூட எங்கோ ஒதுங்கியிருந்தான்.

ராசாக்கள் காலத்தில் அந்த நிலம் நான்கு முறை கை மாறியதாம். ஒவ்வொரு முறையும், தோற்ற பக்கத்து ஆள் ஒருவனை உயிரோடு நிற்கவைத்துப் புதைத்து, அவன்மேல் கல்லை மாற்றி நடுவார்கள். அவன்தான் எல்லைக்குக் காவல். ராசாக்கள் போய், இப்போது கல்லுக்கு இந்தப் பக்கம் மலையாண்டி, அந்தப் பக்கம் சம்பந்தி கருத்தையா. கருத்தையாவின் கிணற்றில் மட்டும்தான் தண்ணீர் கிடந்தது. நாளை சர்வேயர் வருகிறார். கல்லை இருபது அடி தள்ளிவிட்டால் கிணறு மலையாண்டிக்கு.

விஷயம் தெரிந்து மகள் அழகி ஓடிவந்தாள். தை மாதம்தான் அவளைக் கருத்தையா மகனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தான்.

“வேணாம்ப்பா. கல்லு ஆளு கேக்கும்.”

“கேக்கட்டும். ஒம் மாமனாரு இருமிக்கிட்டுத்தான கெடக்காரு.”

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தான், பாவி.

கடப்பாரையால் நெம்பியதும் கல் ஆடுகிற பல்லைப் போலச் சுலபமாக வந்தது. குழியிலிருந்து ஈரமண் வாடை எழுந்தது. அந்த வெயிலிலும் உடம்பு சில்லிட்டது. கல்லை உருட்டிப்போய்க் கிணற்றுக்கு அப்பால் நட்டான்.

காற்று நின்றது.

மண்ணுக்கடியில் யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

“எந்த வீட்டு ஆளு?”

“கருத்தையா வீடு,” என்றான் மலையாண்டி.

அழகியின் கணுக்கால் மண்ணுக்குள் போனது.

பாளம் பாளமாக வெடித்த காய்ந்த தரை அது. அதில் முழங்கால்வரை இறங்கினாள். பிறகு இடுப்புவரை. மலையாண்டி அவள் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தான்.

“இவ எம் மக. எங்க வீட்டுப் புள்ள.”

“தாரை வாத்துக் குடுத்துட்டீகளே,” என்றது மண்ணுக்கடியிலிருந்த குரல்.

தலை மறைந்தது. தரையில் புதிதாக ஒரு கீறல்கூட இல்லை.

பழைய இடத்திலேயே நட்டுவிட்டால் மகள் வந்துவிடுவாள் என்று நினைத்து, கதறிக்கொண்டே கல்லைப் பிடுங்கப் போனான். கடப்பாரை பட்டதும் அடியிலிருந்து மறுபடி கேள்வி வந்தது.

இந்த முறை அழகியின் குரல்.

“இப்ப ஒங்க வீட்டுல யாருப்பா?”

கல் திரும்பினால் தோற்பது அவன் வீடு. அங்கே மனைவியும் இரண்டு மகன்களும் இருந்தார்கள். அவனே போயிருக்கலாம்.

கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தான். அழகி எங்கே என்று சம்பந்தி வீட்டார் கேட்டபோது தெரியாது என்றான். சர்வேயர் வந்து அளந்துவிட்டுப் போனார். அந்த வருஷம் மலையாண்டிக்கு நல்ல விளைச்சல். மடை திறக்கும்போதெல்லாம் அவள் கேட்பாள். அவன் தண்ணீர் பாய்ச்சுவான்.