இருப்புக் குரல்

பெட்டிகளை லிஃப்ட் வரை கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த கோமளவல்லி, வீட்டின் காதுகளை ஒவ்வொன்றாகப் பூட்டினாள்.

"செவியா, கதவுக் கட்டளைய நிறுத்து. அடுப்ப நிறுத்து. கடையில எதையும் வாங்காத. இருபது நாளைக்கு யார் சொன்னாலும் கேக்காத. என் குரல்லயே சொன்னாலும் கேக்காத."

"சரிங்க" என்றது கூடத்து அலமாரியில் இருந்த செவியன். தேங்காய் அளவு உருண்டை. கோவையில் இப்போது அது இல்லாத வீடு இல்லை. பேச்சைக் கேட்டே கதவைத் திறக்கும், அடுப்பை ஏற்றும், அரிசி வாங்கும். அதனாலேயே திருடர்கள் பூட்டை உடைப்பதை விட்டுவிட்டார்கள். குரற்போலி என்றொரு சின்னக் கருவி போதும். வீட்டுக்காரர் குரலில் ஜன்னலோரம் நின்று 'கதவைத் திற' என்றால் வேலை முடிந்தது.

கணவர் தனசீலன் எட்டிப் பார்த்தார். "இருப்புக் குரலப் போட்டுட்டியா?"

"அதெதுக்குங்க?"

"வாசல்ல யாரு வந்தாலும் நாம உள்ள இருக்கற மாதிரியே நம்ம குரல்ல பேசும். பூட்டுன வீடுன்னு யாருக்கும் தெரியாது."

கோமளவல்லி எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தாள். "அந்தம்மாவுக்கும் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"அப்பப் போடுங்க."

எதிர்வீட்டு ரோஸ்லினும் அவளும் ஒரு காலத்தில் ஒரே குழம்பை இரண்டு வீட்டிலும் சாப்பிட்டவர்கள். நான்கு ஆண்டுகளாகப் பேச்சில்லை. ஒரு மத்தியானம் ரோஸ்லினின் கணவர் அமலன் மயங்கி விழுந்தபோது, அவள் ஓடிவந்து இந்தக் கதவைத்தான் தட்டினாள். "கோமளா, வெளிய வா, அவரத் தூக்கணும்!" உள்ளே தனியாக இருந்த கோமளவல்லி திறக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்த பிறகே வெளியே வந்தாள். குரற்போலி என்று நினைத்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னாள். அமலன் பிழைத்துக்கொண்டார். இடது கை மட்டும் பழையபடி ஆகவில்லை.

பினாங்கில் மகள் வீட்டில் இருபது நாள் இருந்துவிட்டு, ஒரு காலை நேரத்தில் திரும்பி வந்தார்கள். கதவில் விரல் வைத்ததும் திறந்தது.

"வாங்க. நீங்க இல்லாதப்ப வாசல்ல நாப்பத்தோரு தடவ பேசியிருக்கேன்" என்றது செவியன். "கூரியர்காரர்கிட்ட ரெண்டு தடவ. மீதியெல்லாம் ரோஸ்லின் அம்மாகிட்ட."

கோமளவல்லி கைப்பையைக்கூட இறக்காமல் நின்றாள். "போடு. கேக்கலாம்."

முதல் நாள், கூரியர்காரர் மணியடிக்க, "யாருங்க?" என்று அவள் குரல் கேட்டிருக்கிறது. அவர் போனதும் ரோஸ்லினின் குரல்: "கோமளா, குரல் ஒரு மாதிரி இருக்கே. உடம்பு சரியில்லையா?"

"லேசா சளிதான் அக்கா."

அடுத்த நாள் வெயில் பற்றி. அதற்கடுத்த நாள் தண்ணீர் லாரி பற்றி. இத்தனை நாள் பேசாத ரோஸ்லின் ஏன் பேசினாள் என்று கோமளவல்லிக்கு வியப்பாக இருந்தது. உட்கார்ந்துகொண்டாள். ஒன்பதாம் நாள் பேச்சு அந்த மத்தியானத்தில் வந்து நின்றது.

"அன்னைக்கு உங்க குரல்தான்னு எனக்குத் தெரிஞ்சுது அக்கா. தெரிஞ்சும் திறக்கல. பயம்."

பிறகு ரோஸ்லின்: "உன் இடத்துல நான் இருந்தாலும் திறந்திருக்க மாட்டேன். அது தெரிஞ்சதாலதான் எனக்கு இத்தன கோவம்."

கோமளவல்லியின் முகம் வெளுத்தது. "செவியா, இத யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதாங்க. இருப்புக் குரல் சொந்தமா எதையும் சொல்லாது. வீட்டுக்குள்ள நீங்க பேசுனதுல இருந்து எடுத்து, எதிர்ல நிக்கறவங்களுக்கு ஏத்தபடி மாத்தித்தான் பேசும். இது போன ஆடி மாசம், சமையலறையில, ஐயாகிட்ட சொன்னது."

தனசீலன் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டின் ரகசியத்தை யாரும் திருடவில்லை. வீடே வாசலில் நின்று கொடுத்திருக்கிறது. ஆத்திரம் வந்தது. ஆனால் ரோஸ்லின் சொன்ன பதில் அவளை உட்காரவிடவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

லிஃப்டிலிருந்து ரோஸ்லின் இறங்கிக்கொண்டிருந்தாள். கையில் பெரிய பயணப் பை. பின்னால் அமலன்.

"எங்கக்கா போயிட்டு வர்றீங்க?"

ரோஸ்லின் திகைத்துப் போனாள். "பெங்களூருக்கு. பையன் வீட்டுக்கு. இருபத்தஞ்சு நாளாச்சு."

"இருப்புக் குரல் போட்டுட்டா போனீங்க?"

"ஆமா. ஏன்?"

தனசீலன் மனைவியின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "அப்ப ரெண்டு வீட்லயும் ஆளே இல்ல" என்றார் மெதுவாக. ஆளில்லாத இரண்டு வீடுகள், ஆளிருப்பதாக ஒன்றையொன்று நம்பவைக்க இருபது நாளும் மாறி மாறிப் பேசியிருக்கின்றன.

கோமளவல்லி நினைத்திருந்தால் அப்போதே கதவைச் சாத்தியிருக்கலாம்.

"உள்ள போனதும் உங்க செவியன் உங்ககிட்ட ஒண்ணு சொல்லும். அதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். அன்னைக்கு உங்க குரல்தான்னு எனக்குத் தெரிஞ்சுது அக்கா. என்னைய மன்னிச்சிருங்க."

ரோஸ்லின் பையைத் தரையில் வைத்தாள்.

"என் வீட்டுது என்ன சொல்லுச்சு?"

கோமளவல்லி சொன்னாள். கேட்டதும் ரோஸ்லின் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்கள் நிறைந்துவிட்டன.

"அத நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல கோமளா. இவர்கிட்டக்கூட. ஜெபத்துல மட்டும்தான் சொன்னேன்."

கோமளவல்லி அவள் கையைப் பிடித்தாள். "உள்ள வாங்க அக்கா, பேசலாம்."

ரோஸ்லின் ஓர் அடி எடுத்து வைத்தாள். அலமாரியில் இருந்த உருண்டை கண்ணில் பட்டதும் நின்றுவிட்டாள். உதட்டில் விரலை வைத்து, தலையை மட்டும் ஆட்டினாள்.

இருவரும் படியேறி மொட்டைமாடிக்குப் போனார்கள். அங்கே காயும் துணிகளுக்கு நடுவே, அந்தக் குடியிருப்பின் ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே இரண்டிரண்டு பேராக நின்று, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.