வலப்பக்க மைக்

பொன்னேரி பஸ் பழவேற்காட்டில் நின்றபோது உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. தனசேகர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினான். ரேடியோ, டேப்ரெக்கார்டர், ஆம்ப்ளிபையர் எது படுத்தாலும் எழுப்பி உட்கார வைக்கிற ஆள் என்று பொன்னேரி பக்கம் பேர். அந்தப் பேரை அவனே கொஞ்சம் அதிகமாக நம்பிக்கொண்டிருந்தான்.

ரியாசுதீன் குடையோடு காத்திருந்தார். துபாயில் ஏழு வருஷம் இருந்துவிட்டு, 1986-இல் சாமான்களோடு திரும்பி வந்தவர். வீட்டின் பின்கட்டு அறையில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ போட்டு ஆறு மாசமாகிறது.

"வா தனசேகரு. உன்ன நம்பித்தான் உசுர கையில புடிச்சிகினு இருக்கேன்."

"இன்னா பாய், போன மாசம் நல்லாத்தானே ஓடுச்சு?"

"இப்பவும் ஓடுது. அதான் பிரச்சனையே" என்றார் ரியாசுதீன். குடையை விரித்து வீட்டுப் பக்கம் நடந்தார்.

வீடு பழைய காலத்துச் செங்கல் கட்டடம். சுவர் ஒவ்வொன்றும் முழங்கை நீளத்துக்குக் கனம். பின்கட்டு அறையின் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, சுவர் முழுக்கத் தென்னைநார்ப் பாயும் அதன்மேல் பழைய ரஜாய்ப் போர்வைகளும் ஆணியடித்திருந்தார்கள். கதவைச் சாத்தியதும் ஏரி, காக்கை, மீன் ஏலம் போடும் கூச்சல் எல்லாம் ஒரேயடியாக நின்றுபோயின. பகல் ஒரு மணிக்கு அந்த அறையில் விளக்குப் போடாமல் உள்ளங்கை தெரியாது. நாரும் பழைய பஞ்சும் புழுங்கிய வாடை மூக்கில் ஏறியது.

மேசையில் வீடியோ டெக். அதன்மேல் ரியாசுதீன் துபாயிலிருந்து தூக்கி வந்த கறுப்புப் பெட்டி. பாட்டையும் பேச்சையும் எண்களாக மாற்றி வீடியோ கேசட்டில் பதிகிற டிஜிட்டல் பெட்டி அது. மெட்ராஸில்கூட விரல்விட்டு எண்ணலாம். பெட்டியின் முகத்தில் இரண்டு வரிசைச் சின்ன விளக்குகள்: இடப்பக்க மைக்குக்கு ஒன்று, வலப்பக்க மைக்குக்கு ஒன்று. சத்தம் கூடினால் விளக்குகள் ஏறும், குறைந்தால் இறங்கும். சாதா டேப்பில் இருக்கும் இரைச்சல் இதில் கிடையாது. சத்தம் இல்லையென்றால் ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான்.

ரியாசுதீன் கேசட்டை ஓடவிட்டார். கல்யாண வாழ்த்துப் பாட்டு ஒன்று. பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஸ்பீக்கரில் ஏதோ கேட்டது.

டக். டக். டக்.

நகத்தால் மைக்கின் தலையில் தட்டுகிற சத்தம்.

"எது பதிஞ்சாலும் இது முன்னாடி வந்து நிக்குது. யாரும் தட்டல. நான் கண்ணால பாத்துகினே இருந்தேன்" என்றார் ரியாசுதீன். "நாளைக்கு நாகூர்லேர்ந்து பாடறவங்க வராங்க. என் மானம் உன் கையில."

தனசேகர் சிரித்தான். பதினைந்து வருஷத் தொழிலில் பேய் பிடித்த பெட்டிகள் பலவற்றைப் பார்த்திருக்கிறான். எல்லாப் பேயும் கடைசியில் ஒரு தளர்ந்த ஒயராகவோ துருப்பிடித்த ஸ்விட்சாகவோதான் முடிந்திருக்கிறது. அவனுடைய வழி ஒன்றே ஒன்று: ஒவ்வொன்றாகக் கழற்று, எதைக் கழற்றியதும் கோளாறு நிற்கிறதோ அதுதான் குற்றவாளி.

முதலில் ஒயர்களை மாற்றினான். தட்டல் நிற்கவில்லை. எர்த் கம்பியைப் பிரித்துப் புதிதாகக் கொடுத்தான். நிற்கவில்லை. டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பிரிக்காத புதுக் கேசட்டைப் போட்டான். அதிலும் வந்தது. மேசைக்கு வரும் கரண்டைத் துண்டித்து, பெட்டியையும் டெக்கையும் பேட்டரியில் ஓட்டினான். வலப்பக்க மைக்கைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு, அதன் ஒயரைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டான். கடைசியாக இடப்பக்க மைக்கையும் பிடுங்கினான்.

இப்போது பெட்டிக்குக் காதே இல்லை. காதில்லாத பெட்டி எதையும் கேட்க முடியாது.

பதிந்து, ஓடவிட்டான்.

டக். டக். டக்.

பிறகு ஒரு ஆண் தொண்டையைச் செருமினான்.

ரியாசுதீன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இது புதுசு. தட்டறது மட்டும்தான் இருந்துச்சு. நீ வந்தப்புறம்தான் இது வருது."

அந்தச் செருமலை தனசேகர் எங்கோ கேட்டிருந்தான். எங்கே என்று யோசிக்கும்போதே கண் அலமாரிப் பக்கம் போனது. மேல்தட்டில், எம்ப்ராய்டரி போட்ட துணிக்கு அடியில், ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு பழைய டூ-இன்-ஒன் இருந்தது. துணியை விலக்கினான். பின்பக்க மூடியின் திருகில் சிவப்பு நகப்பூச்சு ஒரு பொட்டு. தான் பழுது பார்த்த செட்டுகளுக்கு அவன் வைக்கிற அடையாளம் அது.

"அது எங்க அக்காவோடது" என்றார் ரியாசுதீன்.

கதவு திறந்தது. எலுமிச்சை சர்பத் தட்டோடு அக்கா ஜைனம்பு உள்ளே வந்தாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, அவன் எதைப் பார்க்கிறான் என்று பார்த்தாள்.

"அத தொடாதீங்கண்ணே. அத நான் ஓட்டறதே இல்ல. எங்க வூட்டுக்காரரு ஷார்ஜாவுலேர்ந்து கடுதாசிக்குப் பதிலா கேசட்டுல பேசி அனுப்புவாரு. மொதல்ல மூணு வாட்டி தட்டிப் பாப்பாரு, பதியுதான்னு. அப்புறம்தான் பேசுவாரு." அவள் தட்டை வைத்தாள். "எண்பத்திரண்டுல ஒரு கேசட்டு வந்துச்சு. போட்டா செட்டு ஓடல. கேசட்டு உள்ளயே மாட்டிகிச்சு. அப்படியே அனுப்பம்பட்டுக்கு ரிப்பேருக்குக் கொடுத்தனுப்பினேன். அங்க எவனோ ஒருத்தன், மெஷினு டேப்ப தின்னுடுச்சுன்னு கசக்கின டேப்ப திருப்பிக் கொடுத்தான். இருபத்திரண்டாம் நாளு தந்தி வந்துச்சு. எட்டாவது மாடி சாரத்துலேர்ந்து விழுந்துட்டாராம். அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்க. கடைசியா இன்னா பேசினாருன்னு எனக்குத் தெரியாதுண்ணே."

ஐந்து வருஷம் முன்பு அனுப்பம்பட்டு ஸ்டேஷன் எதிரில் கடை வைத்திருந்தவன் தனசேகர்.

அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. செட்டைச் சரிசெய்ததும் உள்ளே இருந்த கேசட்டையே ஓடவிட்டான். மூன்று தட்டல், ஒரு செருமல். சரி, பாடுகிறது. பதிகிறதா என்று பார்க்கச் சிவப்புப் பொத்தானை அழுத்தி, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றான். பதிவை நிறுத்தாமலே டீ குடிக்கப் போனான். திரும்பி வரும்போது ஒரு பக்கம் முழுக்க அழிந்திருந்தது. கேசட்டின் முதுகிலிருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்லை உடைத்திருந்தால் யாராலும் மேலே பதிய முடியாது. அனுப்பியவர் உடைக்கவில்லை. இவன் பார்க்கவில்லை. டேப்பை வெளியே உருவிக் கசக்கியது மட்டும் தெரிந்தே செய்தது.

வேலையை முடித்துக்கொண்டு ஓடிவிட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. இடப்பக்க மைக்கைத் திரும்ப மாட்டினான். பழக்கம் விடுமா, மைக்கருகே குனிந்து சொன்னான்.

"ஹலோ, மைக் டெஸ்டிங்."

ஓடவிட்டான். அவன் குரல் அதில் இல்லை.

அவன் பேசிய இடத்தில், அவன் பேசிய அளவுக்கே, வேறொருவன் பேசினான்.

"ஜைனம்பு, அஸ்ஸலாமு அலைக்கும்..."

ஜைனம்பு சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழவில்லை. பசித்தவள் சோற்றைப் பார்ப்பதுபோல ஸ்பீக்கரையே பார்த்தாள்.

"அவுங்கதான்" என்றாள் மெதுவாக. பிறகு தனசேகரிடம் திரும்பினாள். "பேசுண்ணே."

"அக்கா, வேணாம்..." என்றார் ரியாசுதீன்.

"நீ சும்மா இரு. அண்ணே, பேசு. நீ பேசினாத்தான் அவுங்க பேசறாங்க. எதையாவது பேசு."

தனசேகர் மைக் முன் உட்கார்ந்தான். எதைப் பேசுவது? அவனிடம் சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அதைச் சொன்னான். கடை, சிவப்புப் பொத்தான், டீ, கசக்கிய டேப், சொன்ன பொய். ஜைனம்பு நின்ற இடத்திலிருந்து அசையாமல் எல்லாவற்றையும் கேட்டாள். முடிக்கும்போது அவன் குரல் உடைந்திருந்தது.

"அந்த எவனோ ஒருத்தன் நான்தாம்மா."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "ஓடவிடு" என்றாள்.

டக். டக். டக்.

"ஜைனம்பு, அஸ்ஸலாமு அலைக்கும். நல்லாருக்கியா? ஒரு விஷயம் கேக்கணும். என்ன எட்டாவது மாடிக்கு மாத்தறாங்க. புதுசா ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல. உயரத்துல நின்னா காலு நடுங்குது. வேற யாருகிட்டயும் சொல்ல வெக்கமா இருக்கு. நீ வந்துடுங்கன்னு ஒரு வார்த்த சொல்லி அனுப்பு, அடுத்த பிளைட்டுல வந்துடறேன். இருபது நாளு பாக்கறேன். பதில் வரலன்னா, இருன்னு நீ சொல்றதா வெச்சிக்கறேன். சொல்லு ஜைனம்பு. வரட்டுமா?"

அவ்வளவுதான். ஸ்பீக்கர் நின்றுவிட்டது.

தனசேகர் தலையில் கை வைத்துக்கொண்டான். அவன் அழித்தது ஒரு குரலை என்று இத்தனை நேரம் நினைத்திருந்தான். அது ஒரு கேள்வி. இருபது நாள் ஒருத்தன் பதிலுக்குக் காத்திருந்து, பதில் வராமல் சாரத்தில் ஏறியிருக்கிறான்.

ஜைனம்பு முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். வந்து மைக் முன் உட்கார்ந்தாள். விரல் நகத்தால் அதன் தலையில் மூன்று முறை தட்டினாள்.

ரியாசுதீனுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. "அக்கா! சொல்லாதே! அக்கா!"

"வந்துடுங்க" என்றாள் ஜைனம்பு.

ஒன்றும் நடக்கவில்லை. பேட்டரியில் ஓடும் பெட்டி மெல்ல இரைந்தது. யாரோ ஈரச் சிமெண்டைக் கிளறியதுபோல ஒரு வாடை வந்தது. இந்த வீட்டில் சிமெண்ட் வேலை எதுவும் நடக்கவில்லை.

பிறகு வீட்டின் தெருக்கதவில் கேட்டது. வெளிச் சத்தம் எதுவும் நுழையாத அந்த அறைக்குள் அது தெளிவாகக் கேட்டது.

டக். டக். டக்.

"தொறந்து விடுண்ணே" என்றாள் ஜைனம்பு. அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் தனசேகரை எழுந்து நடக்க வைத்தது. ஒருமுறை அந்த மனிதனுடைய வழியை அடைத்தவன் அவன். இன்னொரு முறை அடைக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

கூடத்தைத் தாண்டிப் போய்த் தாழ்ப்பாளை இழுத்தான்.

வெளியே வெள்ளை வெயில். எதிர்ச்சுவரில் வலை காய்ந்துகொண்டிருந்தது. தெருவில் ஒரு ஈ காக்கைகூட இல்லை. அப்பாடா என்று அவன் மூச்சுவிட்டபோது அந்த ஈரச் சிமெண்ட் வாடை அவன் முகத்துக்கு நேராக வந்து, தோளை உரசி, உள்ளே போனது.

பின்கட்டுக்குத் திரும்பி ஓடினான். ரியாசுதீன் சுவரோடு ஒட்டி நின்று, ஒரு கையால் பெட்டியைக் காட்டினார்.

ஜைனம்பு எதிரே இருந்த காலி ஸ்டூலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். "எவ்ளோ எளச்சிட்டீங்க... சாப்டீங்களா?" அவள் பேசும்போது பெட்டியின் இடப்பக்க விளக்குகள் ஏறின.

அவள் நிறுத்தித் தலையசைத்தாள். இடப்பக்கம் அணைந்தது. வலப்பக்க விளக்குகள் ஏறின. நிதானமாக, ஒருவன் நிறுத்தி நிறுத்திப் பதில் சொல்வதுபோல, ஏறி இறங்கி ஏறின.

அறையில் அவள் குரலைத் தவிர வேறு சத்தமே இல்லை.

தனசேகர் தன் தோளைத் தொட்டுப் பார்த்தான். வலப்பக்க மைக்கின் ஒயர் சுருட்டியபடி அங்கேதான் இருந்தது.