பூபாலன் முதுகில் பிள்ளையார்

அச்சரப்பாக்கம் பள்ளியிலிருந்து ஆறாம் வகுப்பு மொத்தமும் மாமல்லபுரம் வந்திருந்தது. 1998இல் ஒரு வியாழக்கிழமை. ஒவ்வொரு ரதத்தையும் உச்சியிலிருந்து கீழாகச் செதுக்கி வந்தார்கள், அதனால்தான் சிலவற்றில் அடிப்பக்கம் முடியாமல் நிற்கிறது என்று திருவேங்கடம் சார் விளக்கினார். பிறகு கடற்கரை. அங்கே ஓர் அலை பூபாலனை முழுசாக நனைத்துவிட்டுப் போனது.

கடைசியாகச் சிற்பப் பட்டறை. தெரு முழுக்க உளிச் சத்தம். சிற்பி ஒருவர் கல்லில் ஈரச் செங்காவியால் பிள்ளையாரை அப்போதுதான் வரைந்து முடித்திருந்தார். காலையிலிருந்து நூல் பிடித்து அளந்த வேலையாம். சாப்பிட்டு வந்து, ஒன்றரைக்கு ராகுகாலம் தொடங்குமுன் முதல் உளி வைத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் பேருந்துக்கு நடந்தார்கள். ஷூவுக்குள் மணல் என்று பூபாலன் அந்தக் கல்லிலேயே சாய்ந்துகொண்டு காலை உதறினான். அவன் நிமிர்ந்தபோது, பின்னால் நின்ற வகுப்புத் தோழி ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டாள். கல்லில் கிரீடமும் பாதமும்தான் மிச்சம்.

"வா, ஓடிடலாம்," என்றான் பூபாலன்.

"எங்க ஓடுவ? உன் முதுகுல பிள்ளையார் கீறாரு."

பூபாலன் சிற்பியின் காவித் தூரிகையை எடுத்தான். சட்டையைக் கழற்றி, அதைப் பார்த்துக் கல்லில் வரையப் போனான். ரெஜினா கையைப் பிடித்தாள்.

"இன்னாடா பண்ற? கல்லுல தும்பிக்கை இந்தப் பக்கம் இருந்துச்சு. சட்டையில அந்தப் பக்கம் கீது. பார்த்து வரைஞ்சா எல்லாமே மாறிடும்."

அதற்குள் சிற்பி வந்துவிட்டார். கல்லைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று பத்து. முகம் சுருங்கிப்போயிற்று.

"நான்தாங்க சாஞ்சேன்," என்றான் பூபாலன்.

ரெஜினா சட்டையை வாங்கி, காவி பட்ட பக்கம் கல்லில் படும்படி விரித்தாள். மெல்லிய ஈரத்துணியில் கோடுகள் மறுபுறமும் தெரிந்தன. கல்லில் மேலேயும் கீழேயும் அறுந்து நின்ற கோடுகளோடு அவற்றைப் பொருத்தினாள். தும்பிக்கை தன் பக்கத்துக்கே திரும்பியது.

"இப்ப அழுத்துங்கண்ணா."

சிற்பி இரு கைகளாலும் அழுத்தி, துணியை மெல்லத் தூக்கினார். மங்கலாகத்தான் விழுந்திருந்தது. அவருக்கு அது போதும். தூரிகை மளமளவென்று ஓடியது. வெளியே பஸ் ஹாரன் விடாமல் அடித்தது. தேடி வந்த திருவேங்கடம் சார் திட்டத் தொடங்கி, விஷயம் புரிந்ததும் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

ஒன்று இருபத்தெட்டு. டங்.

"நல்ல அகலமான முதுகுடா உனக்கு. அதான் பிள்ளையார் பொழைச்சாரு," என்று சிரித்தார் சிற்பி.

சாயங்காலம் பூபாலனின் அம்மா, வலம்புரிப் பிள்ளையார் பதிந்த அந்தச் சட்டையைத் துவைப்பதா கும்பிடுவதா என்று தெரியாமல் வாளி பக்கத்திலேயே வெகுநேரம் நின்றார்.