நீல ஒயர்

மீதி இருபது என்று காட்டிய இடத்தில் இருபத்தொன்று வந்தது.

கண்தான் ஏமாற்றுகிறது என்று அவள் முதலில் நினைத்தாள். ஆனால் மருந்துக்கடையில் நாள் முழுக்க மாத்திரை அட்டைகளை எண்ணிக் கொடுக்கிற கண் அது, லேசில் ஏமாறாது. கோப்புகளை நகல் எடுக்க எடுக்கத் திரையில் மீதி குறையவேண்டும். இங்கே கூடிக்கொண்டிருந்தது.

மடிக்கணினி அவள் கணவனுடையது. இரவு ஷிப்டுக்குப் போகிற நாட்களில் மகள் கேட்டுக்கொண்டே தூங்கட்டும் என்று அவன் தன் குரலில் பதிந்துவைத்த கதைகள் அதில் இருந்தன. சாலையில் நடந்த ஒரு நொடி விபத்தில் அவன் போனபிறகு அவன் குரல் என்று மிஞ்சியது அவ்வளவுதான். இப்போது அதற்கும் ஆபத்து. இரண்டு வாரமாக மடிக்கணினிக்குள் கரகரவென்று ஒரு சத்தம்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கொழுந்தன் ஞாயிறன்று வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். நகல் போய்ச் சேருவதற்கு ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, அண்ணன் அறையில் இருந்த ரூட்டரோடு இணைத்துவிட்டு, அங்கிருந்து நீல நிற ஒயர் ஒன்றைக் கதவுக்கு அடி வழியாகக் கூடத்துக்கு இழுத்துவைத்தான். அந்த அறையை அவள் திறப்பதில்லை. அவனுக்கு அது தெரியும், வேலை முடிந்ததும் அவனே கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"வைஃபைய அணைச்சுட்டு ஒயர்ல போடுங்க அண்ணி. வைஃபைல விட்டா நத்தை மாதிரி ஊரும். ஆனா ஆரம்பிச்சா நடுவுல நிறுத்திடாதீங்க. அந்த டிஸ்க் இன்னொரு தடவை எழுந்திரிக்காது."

வெளியே மாலையை இருட்டாக்கிக்கொண்டு மழை கொட்டியது. மகள் உள்ளறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஈரத் துணியின் வாடையும் சூடேறிய மடிக்கணினியின் பிளாஸ்டிக் வாடையும் கூடத்தில் கலந்து நின்றன. அவள் பட்டியலின் கடைசிக்குப் போனாள். பெயர் இல்லாத ஒரு கோப்பு இருந்தது, இன்றைய தேதியில். அதைத் திறந்தாள்.

மழைச் சத்தம். கூடத்து மழை அல்ல, ஜன்னலுக்கு மேல் உள்ள தகரத்தில் மழை விழுந்து தடதடக்கிற சத்தம். இந்த வீட்டில் தகரம் அடித்த ஜன்னல் ஒன்றுதான், அது மூடிய அறையில் இருக்கிறது. பிறகு ஒரு பெண் குரல் தூரத்திலிருந்து, மூடிய கதவைத் தாண்டி அமுங்கி வந்தது. 'வரைஞ்சது போதும், கையக் கழுவு.' கொஞ்சம் முன்னால் மகளிடம் அவளே சொன்னது. அது முடிந்ததும், வெகு பக்கத்தில், யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

கொழுந்தனுக்குப் போன் போட்டாள். மழையில் மூளை ஊறிவிட்டதா அண்ணி என்று வழக்கம்போல வம்புக்கு இழுத்தான். பதிவை அவனுக்குப் போட்டுக் காட்டினாள். அதற்குப்பிறகு அவன் சிரிக்கவில்லை.

"நான் அங்க மைக் எதுவும் வைக்கல அண்ணி."

நிறுத்திவிடட்டுமா என்று கேட்டாள். நிறுத்தினால் அண்ணன் குரல் போச்சு என்றான். வைஃபையைப் போட்டுவிட்டு ஒயரைப் பிடுங்கிவிடுங்கள், நகல் மெதுவாகவாவது ஓடும், அந்தக் கதவை மட்டும் திறக்கவேண்டாம், நான் கிளம்பிவிட்டேன் என்றான்.

வைஃபையைப் போட்டாள். ஒயரைப் பிடிக்கக் குனிந்தவளின் கை பாதியில் நின்றது. இவ்வளவு நேரம் தரையில் தளர்ந்து சுருண்டு கிடந்த ஒயர், இப்போது கதவுவரை விறைப்பாக நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லேசாக இழுபட்டது. கொஞ்சம் விட்டு, மறுபடியும்.

பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினாள். ஒயர் அவள் கையிலிருந்து நழுவியது. அவசரமே இல்லாமல் தரையோடு தரையாக ஊர்ந்து, கதவுக்கு அடியில் புகுந்து, நுனிவரை உள்ளே போனது.

பிறகு அந்த அறையில் சத்தமே இல்லை. திரையில் நகல் மெதுவாக நகர்ந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

புதிய கோப்பு ஒன்று வந்தது.

திறந்தாள். இதில் தகரம் இல்லை. ஃபிரிட்ஜ் உறுமியது. சமையலறை.

இன்னொன்று. குழாய் சொட்டுகிற சத்தம். குளியலறை.

இன்னொன்று. கிறீச்சிடும் மின்விசிறி. காகிதத்தில் பென்சில் உரசுகிறது. பென்சில் நிற்கிறது.

உள்ளறை.

ஒயர் இருந்தவரை அது அந்த ஒரே அறையில் கட்டுண்டு இருந்தது. அவிழ்த்துவிட்டது அவள் கை.

திரையைப் பார்த்தாள். இன்னும் பாதிக் கதைகள் போய்ச் சேரவில்லை. அவன் குரல். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மன்னிச்சுடுங்க," என்று அவனிடம் சொன்னாள். பவர் பொத்தானை அழுத்தினாள். விடாமல் அழுத்தினாள். திரை செத்தது. கரகரச் சத்தம் நின்றது. இனி வராது.

ஓடினாள்.

மகள் கட்டில் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில். பென்சில் தரையில். அவளுக்குப் பக்கத்தில் மெத்தை பள்ளமாக அமுங்கியிருந்தது. அங்கே யாரும் இல்லை. மகள் அந்தப் பள்ளத்துக்கு மேலே, பெரியவர்களின் முகம் இருக்கும் உயரத்தில், பார்வையைப் பதித்திருந்தாள்.

"ம்," என்றாள்.

இடைவெளி. மின்விசிறி மட்டும்.

"ம்."

கதைக்கு உம் கொட்டுகிறாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கவும் கை எழவில்லை.

பயத்துக்கு நடுவிலும் அவளுக்குள் ஒரு ஆசை எட்டிப்பார்த்தது. வெட்கமில்லாத ஆசை.

"கண்ணு… அப்பாவா?"

பார்வையை எடுக்காமலே, மகள் இல்லை என்று மெல்லத் தலையாட்டினாள். உடனே, தாமதித்துவிட்ட பதற்றத்தில், அவசரமாகச் சொன்னாள்.

"ம்."